வாப்பா பெண்டிங்கில் இருக்கிறார்



எங்கள் மக்தபுக்குப் புதிதாக வந்திருந்த ஆலிமா ஒருவர், காலை வகுப்பில் சிறு பிள்ளைகளிடம் ஒவ்வொருவரின் வாப்பாவும் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்தார். எங்களுடையது கடற்கரை ஊர். பாதி வீடுகளில் ஆண்கள் இருப்பதில்லை. துபை, ஸவூதி, மலேசியா, புருணை என்று பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். என் தம்பியின் மகளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. என் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். அவளுடைய முறை வந்தபோது, "எங்க வாப்பா பெண்டிங்கில் இருக்காங்க" என்றாள்.

அது எந்த நாடு என்று ஆலிமாவுக்கு விளங்கவில்லை. அடுத்த அறையில் இருந்த எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வருகின்றவர்கள், "மாப்பிள்ளை எப்போ கூப்பிட்டுக்கிறார்?" என்று கேட்பதும், "கேஸ் பெண்டிங்கில் இருக்கு" என்று உம்மா பதில் சொல்வதும் அந்தப் பிள்ளையின் காதில் பிறந்த நாள் முதல் விழுந்துகொண்டிருந்தன. வாப்பாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வரும் ஊர்ப்பெயர் அது என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

இது 2008ஆம் ஆண்டில் நடந்தது. இப்போது எழுதக் காரணம் உண்டு. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் பணிபுரிகிறார். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் பாதுகாப்புச் சோதனை என்ற காரணத்தால் நீண்ட காலமாக நிற்கிறது. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், ஓதுவதற்கு ஏதாவது சொல்லித் தாருங்கள்" என்றார். சொல்லிக் கொடுத்தேன். அதோடு, என் தம்பிக்குச் சொல்லத் தவறிய ஒன்றையும் சொன்னேன்.

தம்பி 1997இல் கணினிப் பணிக்காக அமெரிக்கா சென்றான். 2000இல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது கிரீன் கார்டு, கிடைத்தது. ஐந்தாண்டுகள் கழிந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2005இன் தொடக்கத்தில் ஊருக்கு வந்து நிகாஹ் செய்துகொண்டான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் மனைவிக்கு ஆண்டுதோறும் இத்தனை விசாக்கள்தான் என்று எல்லை உண்டு. அந்த வரிசை அக்காலத்தில் நான்கைந்து ஆண்டு நீளம் இருந்தது. குடிமகனின் மனைவிக்கு அந்த வரிசை இல்லை. ஆகவே எங்கள் கணக்கு எளிமையானது. அந்த ஆண்டே விண்ணப்பம், அடுத்த ஆண்டு குடியுரிமை, அதன்பின் மனைவியை அழைத்துக்கொள்வது. பெண் வீட்டாரிடம் "ஒன்றரை வருஷம்" என்று சொன்னவன் நான்தான். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நின்று வாக்குக் கொடுத்தவன் என்ற பொறுப்பு எனக்கு இருந்தது.

2006 தொடக்கத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிப் பத்துக் கேள்விகள். அப்போது ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. தம்பி முதல் ஆறையும் சரியாகச் சொன்னதும் அதிகாரி நிறுத்திக்கொண்டு வாழ்த்தினாராம். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். தேர்வில் வெற்றி என்ற கட்டத்தில் ஒரு குறி. முடிவை இப்போது அறிவிக்க இயலாது என்ற கட்டத்தில் இன்னொரு குறி. பின்னணிச் சோதனை முடியவில்லை, முடிந்ததும் கடிதம் வரும் என்றார். அந்தக் கடிதத்திற்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம்.

அந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு வார விடுப்பில் தம்பி வந்து போவான். நீண்ட நாள் தங்க முடியாது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கே கேள்விக்குள்ளாகும். அவனுடைய மனைவி சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்துப் பார்த்தாள். கணவர் அங்கே குடியிருப்பவர், எனவே நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். அதில் அதிகாரியைக் குறைசொல்வதற்கில்லை. வருகின்றவர் அங்கேயே தங்கிவிடுவார் என்ற அனுமானத்திலிருந்துதான் அவர்களது சட்டமே தொடங்குகிறது. விரல் ரேகைப் பதிவு பதினைந்து மாதங்களுக்கு மேல் செல்லாது என்பதால் தம்பியை மீண்டும் மீண்டும் அழைத்து ரேகை எடுத்தார்கள். "காக்கா, விரல் ஒவ்வொரு முறையும் பாஸாகிவிடுகிறது, பெயர்தான் பாஸாகவில்லை" என்று ஒருமுறை சொன்னான்.

பெயர்ச் சோதனை என்றால் என்னவென்று பிறகு அவனே படித்துப் படித்து எனக்கு விளக்கினான். 2001 செப்டம்பரில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொல்லப்பட்ட நாடு அது. உள்ளே வருகின்றவரை விசாரிக்கும் உரிமை அதற்கு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று கட்டளையிடும் வேதம் நம்முடையது. முன்பெல்லாம் விண்ணப்பதாரரின் பெயரை, விசாரணைக்கு உள்ளானவர்களின் கோப்புகளோடு மட்டும் எஃப்.பி.ஐ. ஒப்பிட்டுப் பார்த்தது. 2002இன் இறுதியிலிருந்து, ஏதேனும் ஒரு கோப்பில் பெயர் வெறுமனே குறிப்பிடப்பட்டிருந்தாலும் பார்க்கவேண்டும் என்றாயிற்று. அப்படிக் குறிப்பிடப்பட்டவர் சாட்சியாக இருக்கலாம். புகார் கொடுத்தவராகவே இருக்கலாம். ஏற்கெனவே பார்த்து முடித்திருந்த 27 இலட்சம் பெயர்கள் மறுபடியும் அனுப்பப்பட்டன. பழைய கோப்புகளோ காகிதத்தில், நாடெங்கும் 265க்கும் மேற்பட்ட இடங்களில் கிடந்தன. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் விடை வந்துவிடும். பெயர் எங்கேனும் ஒத்துப்போனவர்களுக்கு, ஓர் ஊழியர் அந்தக் காகிதத்தைத் தேடியெடுத்துப் படிக்கும்வரை எதுவும் நகராது. 2007 மே மாதத்தில் 3,29,160 பெயர்கள் நிலுவையில் இருந்தன என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறைக்கான குறைகேள் அதிகாரியின் ஆண்டறிக்கையே சொல்கிறது. அவற்றில் 1,06,738 ஓராண்டைக் கடந்தவை. இத்தனையும் தேடிய பின் பாதகமான தகவல் அகப்படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

இதில் நம்முடைய பெயர்களின் கதை தனி. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. சொந்தப் பெயர் ஒன்று, முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்று, அவ்வளவுதான். அமெரிக்கப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆகவே வாப்பாவின் பெயர் அங்கே போய் உட்கார்ந்தது. அலுவலகத்தில் தம்பியை எல்லோரும் வாப்பாவின் பெயரால் அழைத்தார்கள். ஒருமுறை அவன் விடுப்பில் வந்திருந்தபோது உடன் பணிபுரிகின்றவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். எடுத்தது உம்மா. வாப்பா மவுத்தாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. உம்மா ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டுப் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

பெயர்ச் சோதனையில் முன்பெயரையும் பின்பெயரையும் இடம் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுவார்களாம். கொழும்பைத் தாண்டி எங்கும் போகாத வாப்பாவின் பெயரும் அப்படித் தேடப்பட்டிருக்கும். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, நிகாஹ் தஃப்தரில் மூன்றாவது. நாங்கள் மத்ரஸாவில் தரும் ஸனதுக்கு இப்போதெல்லாம் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எழுத்துகளையே எழுதுகிறோம். பெற்றோர் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

தம்பி இதையெல்லாம் விளக்கியபோது, ஒரே பெயரில் பலர் என்ற சிக்கல் எனக்குப் புதியதல்ல என்பது நினைவுக்கு வந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பற்றிய கலையில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக் என்பார்கள். பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பவர்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்-பக்தாதீ (ரஹ்) இந்தத் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயருக்கு ஆறு பேரை உதாரணம் காட்டுவது பாடத்தில் வழக்கம். அவர்களில் ஒருவர் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். இந்தப் பாடம் வந்தால் மாணவர்களுக்குக் கொட்டாவி வரும். நானும் அவசரமாகவே நடத்தியிருக்கிறேன். பெயர் ஒத்துப்போனால் அந்த அறிஞர்கள் அதோடு விடவில்லை. பாட்டனார் யார், எந்த ஊர், யாரிடம் ஓதினார், எந்த ஆண்டு மறைந்தார் என்று தேடிப்போய் ஆளைப் பிரித்தார்கள். பிரித்தபின் நம்பகமானவர் என்றோ பலவீனமானவர் என்றோ எழுதினார்கள். ஒன்றும் தெரியவில்லையென்றால் மஜ்ஹூல், அறியப்படாதவர், என்று அதையும் எழுதிவைத்தார்கள்.

அவர்களின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் நான் அதே காலத்தில் செய்த ஒரு காரியத்தையும் இங்கே எழுதியாக வேண்டும்.

2007இல் எங்கள் ஜமாஅத்தின் கடிதப் போக்குவரத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். வேறோர் ஊர் ஜமாஅத்திலிருந்து, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரைப் பற்றி விசாரித்துக் கடிதம் வந்தது. பெண் கொடுக்க எண்ணியிருந்தார்கள். அந்தப் பெயரில் எங்கள் மஹல்லாவில் இருவர் இருந்தனர். மலேசியாவில் ஒரு பணத் தகராறில் அந்தப் பெயர் அடிபட்டதாக யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். இவரா, அவரா என்பது உறுதியாகத் தெரியவில்லை. விசாரித்து எழுதலாம் என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். ரமழான் வந்தது, பிறகு மாணவர் சேர்க்கை. ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து, பெண் வீட்டார் வேறிடம் பார்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஒரு ஜமாஅத் பதில் எழுதவில்லையென்றால் அதற்கு என்ன பொருள் கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகுதான் விசாரித்தேன். தகராறில் அடிபட்டது மற்றவரின் பெயர். அவரும் குற்றவாளியல்லர், கணக்குத் தீர்க்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அழைத்த சாட்சி.

அந்த இளைஞரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தேநீர் கொடுத்தார். பிறகு, "ஹஜ்ரத், என்னைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால்கூட வந்து சண்டை போட்டிருப்பேன். நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. நான் யாரிடம் போய், எதை மறுப்பது?" என்றார்.

அன்றிரவு தம்பியின் நினைவாகவே இருந்தது. அவனுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் படிவம் உண்டு, கட்டணம் உண்டு, கால எல்லை உண்டு. தன் மீது என்ன சந்தேகம், சந்தேகமே உண்டா, அல்லது ஏதோ ஒரு காகிதக்கட்டு ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கிறதா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. முன்பதிவு செய்துகொண்டு அலுவலகம் போவான். கணினியைப் பார்த்துவிட்டு, பெண்டிங் என்பார்கள்.

இருந்தும் அவனிடம் நான் பொறுமையையே உபதேசித்துக்கொண்டிருந்தேன். நேர்காணல் முடிந்து 120 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடலாம் என்று அந்நாட்டுச் சட்டத்திலேயே வழியிருப்பதாக வழக்கறிஞர் ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தார். தம்பி என்னைக் கேட்டான். உம்மா, "அந்நிய நாட்டில் இருந்துகொண்டு அரசாங்கத்தின் மேலேயே வழக்கா? இருப்பதும் போய்விடும்" என்று அஞ்சினார்கள். நானும் அஞ்சினேன்; ஆனால் என் அச்சத்துக்கு ஸப்ர் என்று பெயர் வைத்தேன். ஆயத்துகளையும் அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றையும் எடுத்துச் சொன்னேன். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படியே போயிற்று.

எங்கள் மத்ரஸாவில் வியாழக்கிழமைகளில் பெண்களுக்குப் பயான் உண்டு. கேள்விகளைப் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள்; திரைக்கு இப்பால் இருந்து நான் படித்துப் பதில் சொல்வேன். 2008 மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு சீட்டைப் பிரித்தேன். பயணம் போன கணவர் எத்தனை மாதம் வரை மனைவியைப் பிரிந்திருக்கலாம் என்று கேட்டிருந்தது. சபராளிகளின் ஊரில் இந்தக் கேள்வி ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும். வழக்கமாகச் சொல்லும் சம்பவத்தையே சொன்னேன். உமர் (ரழி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, கணவர் போருக்குச் சென்றிருந்த ஒரு பெண் தன் தனிமையைப் பாடக் கேட்டதையும், மகளார் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் போய் ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று கேட்டதையும், நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் இருப்பதையும், அதற்குமேல் வீரர்களை நிறுத்திவைக்கக் கூடாது என்று கலீஃபா ஆணையிட்டதையும் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லிக்கொண்டே சீட்டை மடிக்கும்போதுதான் கையெழுத்தைக் கவனித்தேன். எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் மாதந்தோறும் பார்க்கும் கையெழுத்து.

அதன்பின் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பயானைச் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று என் மனைவி சொன்னாள்.

அன்று இரவு அந்நிஸா அத்தியாயத்தின் ஒரு சொல் மனத்தை விட்டு அகலவில்லை. முஅல்லகா, தொங்கவிடப்பட்டவள். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உள்ளவர், ஒருத்தியை வாழ்வும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் தொங்கவிடக் கூடாது என்று வரும் இடத்திலுள்ள சொல் அது. மனைவியை நெருங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கும் மார்க்கம் நான்கு மாதம்தான் தவணை தருகிறது. அதற்குள் திரும்பிச் சேரவேண்டும், இல்லையேல் பிரியவேண்டும். இரண்டுமில்லாமல் வைத்திருக்க அனுமதியில்லை. 120 நாட்கள் என்பதும் நான்கு மாதம்தானே என்று தோன்றியது. தற்செயலான ஒற்றுமைதான், அதில் தத்துவம் தேட வேண்டியதில்லை. ஆனால் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, வழக்குப் போடு என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. "காக்கா, பெண்டிங் என்ற வார்த்தைக்கு லத்தீன் மூலத்தில் தொங்குவது என்றுதான் அர்த்தம். ஒருநாள் அகராதியில் பார்த்தேன்" என்றான்.

நீதிமன்றக் கட்டணம் 350 டாலர். வழக்கறிஞர் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. வழக்கு நீதிபதியின் முன்னால் விசாரணைக்கு வரவேயில்லை. சில வாரங்களில், சோதனை முடிந்துவிட்டது, வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று எதிர்த்தரப்பிலிருந்து செய்தி வந்தது. மூன்று ஆண்டுகளில் முடியாதது சில வாரங்களில் எப்படி முடிந்தது என்பதற்கு விளக்கம் இல்லை; அவன் கேட்கவுமில்லை. 2009 தொடக்கத்தில் குடிமகனாக உறுதிமொழி எடுத்தான். அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் தேங்கிய பெயர்களையெல்லாம் தீர்த்து, பெரும்பாலானவற்றுக்கு 30 நாளில் விடை தருவது என்று அந்நாட்டு அரசே ஒரு திட்டத்தை 2008 ஏப்ரலில் அறிவித்திருந்தது. ஆகவே வழக்கினால்தான் முடிந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன்.

அதே 2008 ஏப்ரலில் அறிவிக்கப்படாமல் ஒன்றும் தொடங்கியது. தேசப் பாதுகாப்புக் கவலை என்று குறியிடப்பட்ட விண்ணப்பங்களைத் தனியே கையாளும் திட்டம் அது. ஆவணங்களைக் கேட்டுப் பெற்று அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியத்தின் தென்கலிபோர்னியப் பிரிவு 2013இல் அறிக்கை வெளியிட்ட பிறகே பெரும்பாலோருக்கு அது தெரியவந்தது. முஸ்லிம்களின் விண்ணப்பங்கள் அதில் அதிகம் சிக்குகின்றன என்பது அவ்வறிக்கையின் குற்றச்சாட்டு. என் மாணவரின் விண்ணப்பம் அந்தக் குறியீட்டில் நிற்கிறதா, வெறும் தாமதமா என்பதை அவரும் அறியார், நானும் அறியேன். நேர்காணல் நடந்த தேதியைக் கேட்டேன். நாட்களை எண்ணச் சொன்னேன். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுங்கள், அதுவரை துஆவும் தொடரட்டும் என்றேன். "ஹஜ்ரத், நீங்கள் ஸப்ர் செய்யச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

தம்பியின் மனைவியும் மகளும் 2010இல் புறப்பட்டார்கள். குடிமகனின் மனைவியோடு பிள்ளையும் சேர்ந்து போகும் என்று நினைத்திருந்தோம். அந்த வகையில் பிள்ளைக்குத் தனி மனு, தனிக் கட்டணம். அதற்கும் சில மாதம் ஆயிற்று. இழுப்பறைக் கடிதத்துக்கு உரிய இளைஞருக்கும் அதற்குள் வேறிடத்தில் நிகாஹ் முடிந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். தஃப்தரில் அவர் பெயரை நானே எழுதினேன், பாட்டனார் பெயரும் சேர்த்து.

பிள்ளை போய் இறங்கிய இரண்டாம் நாள் தம்பி அழைத்தான். தகப்பன் குடிமகனாக இருந்து, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை குடியேறும் விசாவோடு வந்து அவனிடம் வாழத் தொடங்கினால், தனியே விண்ணப்பிக்காமலே சட்டப்படி குடியுரிமை வந்துவிடுமாம். விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்தியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிச் சிரித்தான். பிறகு ரிசீவரை அவளிடம் கொடுத்தான்.

"பெரிய வாப்பா," என்றாள், "இங்கே ஒரே குளிர்."